வன்னியில் இருந்து வெளிநாட்டுக்கு நாயைக் கொண்டுபோவது எப்படி: சிப் முதல் விமானம் வரை

எங்கள் ஒழுங்கையில் இருந்து இதுவரை மூன்று நாய்கள் வெளிநாடு போயிருக்கின்றன. முதலாவது என் அண்ணனின் ரைகர், பிரான்சுக்கு. மற்ற இரண்டும் அயலட்டைக்காரருடையவை. ஒன்று சுவிசுக்கும் மற்றது லண்டனுக்கும் போயின. மூன்றுக்கும் காகிதக் கட்டோடு கிளிநொச்சிக்கும் கொழும்புக்கும் அலைந்தவன் நான்.

ரைகர் விஷயத்தில் நான்கு மாதம் வீணாய்ப் போனது. நாய்க்கு வருத்தமும் இல்லை, காசுக்குத் தட்டுப்பாடும் இல்லை. செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்திருந்தோம், ஆனால் ஒன்றை முன்பின்னாகச் செய்துவிட்டோம். பிறகு வந்த இரண்டு குடும்பமும் அதே இடத்தில்தான் தடுக்கி விழப் பார்த்தன. ஆகவே கீழே உள்ள படிகளை இலக்க வரிசை மாறாமல் செய்யுங்கள்.

1. யார் கொண்டுபோகிறார், எந்த நாட்டுக்கு?

ஊசி போட ஓடுவதற்கு முன் இந்த இரண்டையும் முடிவெடுக்க வேண்டும். நாட்டுக்கு நாடு சட்டம் வேறு.

நாய்கள் இலகுவாக வரக்கூடிய நாடுகள் என்று ஐரோப்பிய ஒன்றியமும் பிரித்தானியாவும் ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன. இலங்கை அதில் இல்லை. விசர்நாய்க்கடி நோய் இங்கே இன்னும் இருப்பதுதான் காரணம். அதனால் சிப் (நாயின் தோலுக்கடியில் ஏற்றும், அடையாள இலக்கம் உள்ள சின்னச் சில்லு), தடுப்பூசி, இரத்தப் பரிசோதனை, மூன்று மாதக் காத்திருப்பு, சுகாதாரச் சான்றிதழ் என்ற ஐந்தும் கட்டாயம். சுவிசும் இதே வழிதான். ஆனால் சூரிச், ஜெனீவா போன்ற சுவிஸ் விமான நிலையத்தில் நேரே இறங்குவதென்றால், அந்நாட்டு மத்திய கால்நடை அலுவலகத்தின் அனுமதியும் முன்கூட்டியே வேண்டும். பயணத்துக்குக் குறைந்தது மூன்று கிழமைக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும்.

கனடாவுக்கு உங்கள் சொந்த வளர்ப்பு நாய் உங்களோடு போனால் இரத்தப் பரிசோதனை கேட்பதில்லை. ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ மிருக வைத்தியர் கையெழுத்திட்ட தடுப்பூசிச் சான்றிதழ் முக்கியம். ஆனால் 2022 செப்டெம்பர் 28 முதல், விசர்நாய்க்கடி ஆபத்துக் கூடிய நாடுகளில் இருந்து வணிக வகையில் நாய் கொண்டுவருவதைக் கனடா நிறுத்தியிருக்கிறது. இலங்கையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. விற்பதற்கு மட்டுமல்ல, வேறொருவர் தத்தெடுப்பதற்காகக் கொண்டுபோவதும் அங்கே வணிக வகைதான். "ரோட்டில நிண்ட குட்டி, சித்தி கனடாவில வளர்க்க ஆசைப்படுறா, நான் போகேக்க கொண்டுபோறன்" என்பது எங்களுக்குப் புண்ணிய காரியம். அவர்களுக்கு அது தடைசெய்யப்பட்ட இறக்குமதி.

ஐரோப்பாவிலும் பிரித்தானியாவிலும் ஆள் விஷயம் இன்னும் இறுக்கம். நாயின் சொந்தக்காரர் நாய் பயணம் செய்யும் நாளுக்கு முன்போ பின்போ ஐந்து நாளுக்குள் தானும் பயணம் செய்ய வேண்டும். நாயோடு வேறொருவர் போகலாம், ஆனால் சொந்தக்காரரின் எழுத்து மூல அனுமதி அவர் கையில் இருக்க வேண்டும். மகள் லண்டனில் இருக்க, அம்மா கிளிநொச்சியில் இருந்து நாயைத் தனியே அனுப்புவது இந்த வழிக்குள் வராது. அது வணிகப் போக்குவரத்தாகிவிடும், படிவமும் செலவும் வேறு. மகள் லீவுக்கு ஊருக்கு வந்து திரும்பும்போது கொண்டுபோவதுதான் நேர் வழி. பயணத் திகதியை அதை வைத்தே குறியுங்கள்.

நாயின் இனத்தையும் பாருங்கள். எங்கள் ஊர் நாய்களுக்குப் பிரச்சினை இல்லை. பிற்புல் வகை, அதன் கலப்பு என்றால் பிரித்தானியா, ஜேர்மனி, பிரான்ஸ் மூன்றிலும் தடை இருக்கிறது. காசு செலவழித்த பிறகு இதை அறிய வேண்டாம்.

2. திகதியைப் பின்னால் இருந்து எண்ணுங்கள்

விமான ரிக்கெற் எடுத்துவிட்டுத் தடுப்பூசிக்குப் போகிறவர்கள்தான் அதிகம். தலைகீழாகச் செய்ய வேண்டும்.

ஓர் உதாரணம். மகள் குடும்பம் கோடை விடுமுறைக்கு வந்து ஓகஸ்ட் 20 திரும்புகிறது. இரத்தம் எடுத்த நாளில் இருந்து மூன்று மாதம் கழிய வேண்டும், ஆகவே இரத்தம் மே 20க்குப் பிந்தக்கூடாது. ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்தே இரத்தம் எடுக்கலாம், ஆகவே ஊசி ஏப்ரல் 20க்குப் பிந்தக்கூடாது. சிப் அதற்கும் முன்.

இது ஒன்றும் பிழைக்காவிட்டால் மட்டும் சரிவரும் கணக்கு. நான் சொல்வது தைப்பொங்கல் முடிந்த கையோடு தொடங்குங்கள் என்று. ஜனவரி 16 சிப்பும் முதல் ஊசியும். பெப்ரவரி 15 இரண்டாவது ஊசி. மார்ச் 20 இரத்தம். ஏப்ரல் நடுப்பகுதியில் முடிவு வரும். சரியென்றால் ஜூன் 20 முதல் நாய் போகலாம். முடிவு போதாது என்று வந்தாலும் ஏப்ரல் 17 மறுபடி ஊசி, மே 18 மறுபடி இரத்தம், ஓகஸ்ட் 18 காத்திருப்பு முடிகிறது. இரண்டு நாள் மிச்சத்தில் அதே விமானத்தைப் பிடித்துவிடலாம். ஜனவரியில் தொடங்கினால் ஒருமுறை தோற்க இடமுண்டு, மார்ச்சில் தொடங்கினால் இல்லை.

குட்டி என்றால் இன்னொரு கணக்கு. பன்னிரண்டு கிழமை நிரம்பாத குட்டிக்குப் போட்ட விசர்நாய்த் தடுப்பூசி செல்லாது. அதில் இருந்து 30 நாளும் மூன்று மாதமும் சேர்த்தால் ஏழு மாதத்துக்குக் குறைந்த குட்டி ஐரோப்பாவுக்குள் போக முடியாது.

3. சிப் முதலில், ஊசி பிறகு

நாங்கள் நான்கு மாதம் இழந்த இடம் இது.

ரைகருக்கு ஐந்து தடுப்பூசி அட்டைகள் இருந்தன. ஆண்டுதோறும் சனசமூக நிலையத்துக்கு முன்னால் இலவசமாகப் போடும்போது ஒழுங்காகக் கொண்டுபோனோம். அண்ணன் அந்த ஐந்தையும் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு வைத்திருந்தார். ஒன்றும் எண்ணிக்கையில் வரவில்லை. ஊசி போட்ட நாய் இதே நாய்தான் என்று காட்டுவது சிப் இலக்கம் மட்டுமே. சிப் இல்லாத நாளில் போட்ட ஊசி எல்லைக் காவலருக்கு யாரோ ஒரு நாய்க்குப் போட்ட ஊசி.

ஆகவே ஒழுங்கு இது: சிப் ஏற்றுவது, அது வாசிக்கிறதா என்று கருவியால் பார்ப்பது, இலக்கத்தை ஊசி அட்டையில் எழுதுவது, அதன் பிறகு ஊசி. ஒரே நாளில் செய்யலாம். திகதி ஒன்றாக இருந்தாலும் சிப் முதலில் ஏற்றப்பட்டதாகப் பதிவு இருக்கட்டும்.

சிப் 15 இலக்கம் உள்ள, சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் 11784, 11785 தரத்தில் அமைந்த சிப்பாக இருக்க வேண்டும். வேறு தரச் சிப்பை அங்கே உள்ள கருவி வாசிக்காது. வாசிக்காவிட்டால் அதை வாசிக்கும் கருவியை நீங்களே கொண்டுபோக வேண்டிவரும். சிப்போடு வரும் ஒட்டுத்தாள்களை எறியாதீர்கள். பதினைந்து இலக்கத்தைக் கையால் எழுதும்போது ஒன்று மாறினாலே எல்லாக் காகிதமும் பழுது, ஒட்டினால் அந்தப் பயமில்லை.

உங்கள் பக்கத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் சிப்பும் வாசிப்புக் கருவியும் இருக்கிறதா என்று முதலில் தொலைபேசியில் கேளுங்கள். இல்லையென்றால் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ உள்ள தனியார் மிருக வைத்தியரிடம் போங்கள். நாயை முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு "சிப் இல்லை" என்று கேட்பது நாய்க்கும் தண்டனை, உங்களுக்கும் தண்டனை.

ஊசி அட்டையில் இருக்க வேண்டியவை: சிப் இலக்கம், மருந்தின் பெயரும் தயாரித்த நிறுவனமும், தொகுதி இலக்கம், போட்ட திகதி, எதுவரை செல்லும் என்ற திகதி, வைத்தியரின் கையெழுத்தும் முத்திரையும். மருந்துக் குப்பியில் உள்ள ஒட்டுத்தாளைக் கேட்டு வாங்கி ஒட்டச் சொல்லுங்கள். "செல்லுபடியாகும் திகதி" என்ற இடம்தான் வழக்கமாக வெறுமையாக விடப்படுவது. வைத்தியசாலை வாசலைத் தாண்டு முன் அதைப் பாருங்கள்.

இரண்டு ஊசி ஏன்? ஒரு ஊசி மட்டும் போட்ட நாய்களில் சிலவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி தேவையான அளவுக்கு ஏறாது. இரண்டாவது ஊசி பரிசோதனையில் தோற்கும் வாய்ப்பைக் குறைக்கும். சட்டம் இரண்டு கேட்பதில்லை. ஆனாலும் ஓர் ஊசியின் செலவு, தோற்றுப்போன பரிசோதனைச் செலவுக்கு முன்னால் ஒன்றுமில்லை.

4. இரத்தப் பரிசோதனை

இரத்தத்தில் விசர்நாய்க்கடி எதிர்ப்புச் சக்தி மில்லிலீற்றருக்கு 0.5 சர்வதேச அலகோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். எந்த ஆய்வுகூடமும் சரிவராது. ஐரோப்பிய ஆணையம் அங்கீகரித்த ஆய்வுகூடங்களின் பட்டியல் அதன் இணையத்தளத்தில் இருக்கிறது. இந்தப் பரிசோதனையில் மற்ற ஆய்வுகூடங்களுக்கு அளவுகோலாக ஒன்றியம் வைத்திருப்பது பிரான்சின் நான்சி நகரில் உள்ள ஆய்வுகூடம். கொழும்பில் ஒருவர் "நாங்கள் செய்து தருவம்" என்றால், எந்த ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்டு அந்தப் பெயரைப் பட்டியலில் நீங்களே பாருங்கள்.

வன்னிக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. இரத்தத்தை எடுத்தபடியே அனுப்ப முடியாது. உறைந்த பிறகு சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் சீரத்தை மட்டும் பிரித்துக் குளிரில் அனுப்ப வேண்டும். எங்கள் வெயிலில் வானின் பின்னிருக்கையில் எட்டு மணித்தியாலம் குலுங்கிப் போன குழாயில் சிவப்பணு உடைந்து சீரம் சிவந்துவிடும். அதை ஆய்வுகூடம் திருப்பிவிடலாம். ஒன்றில் இரத்தம் எடுத்த இடத்திலேயே சீரம் பிரிக்க வசதி இருக்க வேண்டும், இல்லையேல் நாயைக் கொழும்புக்குக் கொண்டுபோய் அங்கே எடுக்க வேண்டும். லண்டன் போன நாய்க்கு நாங்கள் இரண்டாவதைச் செய்தோம். வான் செலவு வலித்தது, ஆனால் ஒரே தடவையில் முடிந்தது.

இரத்தம் எடுக்க முன்னும் சிப்பை வாசிக்கச் சொல்லுங்கள். குழாயிலும் படிவத்திலும் அதே இலக்கம் இருக்க வேண்டும். அன்று காலையில் நாய்க்குக் கொழுப்பான சாப்பாடு வேண்டாம், தண்ணீர் கொடுக்கலாம்.

மூன்று மாதம் எண்ணுவது இரத்தம் எடுத்த நாளில் இருந்து. அறிக்கை கைக்கு வந்த நாளில் இருந்தல்ல, ஊசி போட்ட நாளில் இருந்தும் அல்ல. அறிக்கையின் மூலப்பிரதியைப் பத்திரப்படுத்துங்கள்.

5. காத்திருக்கும் மாதங்களில்

இந்தக் காலத்தில் கெடக்கூடியது ஒன்றுதான்: ஊசியின் திகதி. அட்டையில் உள்ள செல்லுபடித் திகதிக்கு ஒருநாள் பிந்தி அடுத்த ஊசி போட்டாலும் தொடர்ச்சி அறுந்துவிடும். இரத்தப் பரிசோதனையும் அதோடு போய்விடும், மறுபடி முதலில் இருந்து. தொடர்ச்சி அறாமல் பார்த்துக்கொண்டால் ஒருமுறை எடுத்த பரிசோதனை நாயின் வாழ்நாள் முழுக்கச் செல்லும்.

மற்றது உண்ணி. மாடு மேயும் வளவில் திரியும் நாய்க்கு உண்ணி பிடிக்காமல் இராது. கடைசிப் பரிசோதனையில் காதுக்குள் உண்ணி கிடந்தால் வைத்தியர் சான்றிதழ் தரத் தயங்குவார். உண்ணிக் காய்ச்சல் வந்தால் பயணமே நின்றுவிடும். ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே உண்ணி மருந்து போடத் தொடங்கி, முற்றம் வரைக்கும் மட்டும் விடுங்கள்.

ஜி.எஸ். (கிராம சேவகர்) கடிதம் வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எதற்கெடுத்தாலும் ஜி.எஸ்ஸிடம் ஓடிப் பழகிவிட்டோம். எல்லையில் அதை யாரும் கேட்பதில்லை.

6. கூடு

எங்கள் நாய்கள் பகலில் மாமரத்தடியில், இரவில் வளவு முழுக்க. வாழ்நாளில் கதவு அடைத்த ஒன்றுக்குள் இருந்திராது. அப்படிப்பட்ட நாயை விமான நிலையத்தில் முதல்முறை கூட்டுக்குள் தள்ளினால் பல்லால் கம்பியைக் கடித்து வாயைப் புண்ணாக்கிக்கொள்ளும். ஆகவே கூட்டை இரண்டு மாதம் முன்னரே வாங்கி, கதவைக் கழற்றி விறாந்தையில் வையுங்கள். சாப்பாட்டை உள்ளே வையுங்கள். தானாய்ப் போய்ப் படுக்கத் தொடங்கிய பிறகு கதவைப் பூட்டி ஐந்து நிமிடம் அடையுங்கள், பிறகு அரை மணித்தியாலம், பிறகு ஓர் இரவு. உங்கள் பழைய சாரத்தையோ சேலையையோ உள்ளே விரித்தால் அந்த மணத்துக்கே நாய் அடங்கும்.

விமானக் கம்பனிகள் தங்கள் சர்வதேசச் சங்கமான ஐயாட்டாவின் விதிப்படி கூட்டை அளக்கும். நாய் நிமிர்ந்து நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடம் வேண்டும். கணக்கு இது: மூக்கு நுனியில் இருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளம். அதோடு நிலத்தில் இருந்து முழங்கை வரையுள்ள உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூட்டின் நீளம். தோள் அகலத்தின் இருமடங்கு கூட்டின் அகலம். நிற்கும்போது தலை உச்சி அல்லது காது நுனி வரை, எது கூடவோ அது, அதோடு விரிப்பின் தடிப்பும் சேர்ந்தால் உயரம். ரைகருக்கு நீளம் 70 சென்ரிமீற்றர், முழங்கை உயரம் 30, தோள் 18, தலை உயரம் 58. ஆகவே கூட்டுக்குள்ளே 85 நீளம், 36 அகலம், 58க்கு மேல் விரிப்பளவு உயரம். இது குறைந்தபட்ச அளவு. கடையில் அதற்கு அடுத்த பெரிய கூட்டை வாங்கினோம்.

மேல் கீழ்ப் பாகங்களை இணைக்கும் பிளாஸ்ரிக் கொளுவிகளை நம்பாதீர்கள், இரும்பு ஆணியும் நட்டும் போடுங்கள். நான்கு பக்கமும் காற்று வர வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் கதவின் உட்புறம் கொளுவியபடி, வெளியில் இருந்து ஊற்றக்கூடியதாக இருக்க வேண்டும். அடியில் ஈரம் உறிஞ்சும் விரிப்பு. வைக்கோல் போடாதீர்கள், பல நாடுகளில் அது தடை. ஊரில் தச்சரிடம் அடிப்பிப்பதென்றால் விமானக் கம்பனிக்குப் படமும் அளவும் அனுப்பி, சம்மதம் எழுத்தில் வந்த பிறகு காசு கொடுங்கள்.

7. விமான இடம்

நாய்க்கான இடத்தை முதலில் உறுதிசெய்து, அதற்குப் பிறகு ஆளுக்கு ரிக்கெற் எடுங்கள். ஒரு விமானத்தில் ஏற்றும் விலங்குகளுக்கு எண்ணிக்கை வரம்பு இருக்கிறது. இணையத்தில் ரிக்கெற் எடுத்துவிட்டுப் பிறகு நாயைச் சொன்னவர்களுக்கு இடமில்லை என்று பதில் வந்திருக்கிறது. இடையில் மாறும் நாட்டின் விதியையும் அதே தொலைபேசியில் கேளுங்கள்.

பிரித்தானியாவுக்கு விமானத்தில் வரும் நாய் சரக்காகத்தான் இறங்க வேண்டும், பயணியோடு பொதியாக வர முடியாது. அங்கே சுங்க வேலை பார்க்க முகவர் ஒருவரும் தேவைப்படுவார். ஹீத்ரோ என்றால் விலங்கு வரவேற்பு நிலையத்தில் பரிசோதித்த பிறகே விடுவார்கள். அதற்குப் பல மணித்தியாலம் பிடிக்கும்.

8. கடைசிப் பத்து நாள்

சுகாதாரச் சான்றிதழ் கொடுத்த நாளில் இருந்து பத்து நாளுக்குள் நாய் எல்லையைத் தொட வேண்டும். முன்கூட்டி எடுத்து வைத்தால் நிம்மதி என்று நினைக்காதீர்கள், காலாவதியாகிவிடும்.

உங்கள் ஊர் வைத்தியர் எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அதிகாரபூர்வ மிருக வைத்தியரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். திணைக்களத்தின் விலங்குக் குவாரண்டைன் அலுவலகத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்னரே தொடர்புகொண்டு நாள் எடுங்கள். நாயையும், சிப், ஊசி, இரத்த அறிக்கை மூன்றின் மூலப்பிரதிகளையும் கொண்டுபோங்கள். ஐரோப்பாவுக்கு ஐரோப்பியப் படிவம், பிரித்தானியாவுக்கு பிரித்தானியப் படிவம். பாரிசில் இறங்கித் தரைவழியாக லண்டன் போவதென்றால் இரண்டும். படிவங்கள் மாறுவதுண்டு, ஆகவே போகும் நாட்டின் அரச தளத்தில் அந்த மாதமே இறக்குங்கள். நண்பரின் பழைய பிரதி வேண்டாம்.

பிரித்தானியா, அயர்லாந்து, மால்ரா, பின்லாந்து, நோர்வே ஆகியவற்றுக்கு நாடாப்புழு மருந்தும் உண்டு. எல்லையைத் தொடுவதற்கு 24 மணித்தியாலத்துக்குக் குறையாமலும் 120 மணித்தியாலத்துக்குக் கூடாமலும் வைத்தியர் கொடுத்து, நேரத்தோடு பதிய வேண்டும். வீட்டில் நீங்கள் குளிசை கொடுப்பது எண்ணிக்கையில் வராது. கிளிநொச்சியில் கொடுத்துவிட்டுப் புறப்பட்டால் விமானம் பிந்தும்போது கணக்குத் தட்டிவிடும். ஆகவே இரண்டு மூன்று நாள் முன்னரே நீர்கொழும்புப் பக்கம் போய், நாயை ஏற்கும் விடுதியில் தங்கி அங்கேயே முடியுங்கள்.

கையெழுத்து விழுந்த உடனே, கதிரையை விட்டு எழும்ப முன், சிப் இலக்கத்தை ஒவ்வொரு காகிதத்திலும் விரல் வைத்து வாசியுங்கள். சுவிசுக்குப் போன நாயின் ஒரு காகிதத்தில் 6க்குப் பதில் 8 இருந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தோம்.

9. கட்டுநாயக்கா வரை

ஏ9 வழியாக வவுனியா, பிறகு அனுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு. ஏறக்குறைய 300 கிலோமீற்றர். இரவில் புறப்படுங்கள், பகல் வெயிலில் வேண்டாம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சங்கிலியோடு இறக்கித் தண்ணீர் காட்டுங்கள். சங்கிலியில்லாமல் இறக்கி, மதவாச்சியில் ஒரு மணித்தியாலம் நாயைத் துரத்தியவர்கள் நாங்கள்.

தூக்க மருந்து கொடுக்காதீர்கள். மேலே போனதும் மூச்சும் இரத்த அழுத்தமும் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மயங்கி நிற்கும் நாயை விமானக் கம்பனிகளும் ஏற்பதில்லை. கடைசிச் சாப்பாடு கொஞ்சமாய், விமானத்துக்கு நான்கைந்து மணித்தியாலம் முன்னர். கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்துக் கொளுவினால் ஏற்றும்போது சிந்தாது, பிறகு உருகிக் குடிக்க வரும்.

மூலப்பிரதிகள் உங்கள் கைப்பையில். ஒரு பிரதிக் கட்டை உறையில் போட்டுக் கூட்டின் மேல் ஒட்டுங்கள்.

10. இறங்கிய பிறகு

சுங்கத்தில் சொல்ல ஒன்றுமில்லாதவர்கள் போகும் பச்சை வழியால் நேரே வெளியே நடக்காதீர்கள். சுங்கத்தில் நாயைச் சொல்லிக் காகிதத்தைக் காட்ட வேண்டும். ஐரோப்பாவில் எல்லா விமான நிலையமும் நாயை ஏற்பதில்லை, அனுமதி பெற்ற இடங்களில்தான் இறங்கலாம். காகிதத்தில் குறை இருந்தால் திருப்பி அனுப்புவார்கள், அல்லது உங்கள் செலவில் தனிமைப்படுத்துவார்கள். வேறு வழியில்லையென்றால் கொன்றுவிடவும் சட்டம் இடம் கொடுக்கிறது.

சுவிசில் பத்து நாளுக்குள் அங்குள்ள மிருக வைத்தியரிடம் காட்டி நாய்ப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். மற்ற நாடுகளிலும் போய்ச் சேர்ந்த கிழமையே ஒரு வைத்தியரிடம் காட்டி, அடுத்த ஊசித் திகதியை எழுதி வாங்குங்கள். ரைகர் பாரிசில் இறங்கி முதல் இரண்டு நாள் மாடிப்படி ஏற மறுத்ததாம். எங்கள் வீட்டில் படியே இல்லை. அண்ணன் தூக்கிக்கொண்டு ஏறினார், 22 கிலோ.